திலகவதியார் கையிலிருந்த துடைப்பம்



இந்த மாதச் சமய வகுப்புக்கு அப்பர் சுவாமிகளைப் பற்றி ஒரு பாடம் எழுதித் தரச் சொன்னார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அப்பர் எனக்குப் புதியவர் இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் திருமுறை ஓதும் விழாவுக்காக அவருடைய பதிகங்களை மனப்பாடம் செய்தவன் நான். இப்போது எங்கள் குழுவோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உழவாரப் பணி செய்கிறேன். எல்லாருக்கும் ஒரே நிற டி-சட்டை, முதுகில் அப்பர் பாட்டில் ஒரு வரி. ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. காரணம், எங்கள் அம்மாவின் வலது மணிக்கட்டு.

போன மாதம் உழவாரப் பணி நடந்த ஞாயிறு காலை, கோயில் மண்டபத்துத் தரைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தேன். கைப்பேசி பைக்குள் கிடந்தது. வேலை முடிந்து, கூட்டாளிகளோடு படமெல்லாம் எடுத்து, பையைத் திறந்தால் தங்கச்சியிடமிருந்து ஆறு அழைப்புகள். அம்மா வீட்டு முன்வாசலைக் கழுவும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு மக்சிக்தான் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். எலும்பு முறிவு. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

நான் சுவாமி வீட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அம்மா என் வீட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு அன்று எத்தனை 'லைக்' விழுந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்பாவுக்கு லாரி வேலை; வாரத்தில் நாலு நாள் ஜொகூர் பக்கம்தான் இருப்பார். பார்க்க வந்த அத்தை ஒருத்தர், "வீட்டுல பொம்பளப் புள்ள இருக்குதானே, அது பார்த்துக்கும்" என்றார். தங்கச்சி ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். வருகிறது. அவள் ஒன்றும் பேசவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். எனக்கு வயது இருபத்தேழு. வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம். சனி ஞாயிறு லீவு. தேவாரம் தெரியும். சோறு வடிக்கத் தெரியாது.

சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போய் விளக்குத் திரியும், பூவும், கூடவே பெரிய புராண உரைநடைப் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். கோமூட்டரில் கிள்ளான் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் திருநாவுக்கரசர் புராணத்தில் பாதியைப் படித்துவிட்டேன். சிறுவனாக இருந்தபோது தாவிப்போன ஓர் இடத்தில் இந்தத் தடவை நின்றுவிட்டேன். அந்த இடம் அப்பருடையது இல்லை, அவருடைய அக்காவுடையது.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை நிதானமாகப் பார்ப்போம்.

திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்தவர்கள் திலகவதியாரும் மருள்நீக்கியாரும். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போனார். போருக்குப் போன கலிப்பகையாரும் திரும்பி வரவில்லை. உயிரை விடத் துணிந்த அக்காவின் காலில் விழுந்து தம்பி அழுதான்: நீயும் போய்விட்டால் உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று. அந்த ஒரு சொல்லுக்காக அந்தப் பெண் உயிர் வைத்திருந்தார். தம்பியோ வளர்ந்து, படித்து, சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிட்டார்.

தனியாக விடப்பட்ட அக்கா என்ன செய்தார்? திருவதிகைக்குப் போனார். இன்றைய பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். பொழுது விடியும் முன் எழுந்து கோயில் வாசலைக் கூட்டினார், சாணம் கொண்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். தம்பி திரும்பி வரவேண்டும் என்பதுதான் வேண்டுதல். மேடை ஏறியதாகவோ வாதம் செய்ததாகவோ சேக்கிழார் சொல்லவில்லை. கூட்டியதையும் மெழுகியதையும்தான் சொல்கிறார்.

அப்புறம்தான் சூலை நோய் வருகிறது. வயிற்றைப் புரட்டும் வலி. மருந்துக்கும் மந்திரத்துக்கும் அடங்கவில்லை. தருமசேனர் சமையற்காரனை அக்காவிடம் அனுப்புகிறார். நான் அங்கே வரமாட்டேன் என்று அக்கா சொல்லியனுப்பிவிடுகிறார். அக்கா கண்டிப்பானவர். கடைசியில் ராத்திரி இருட்டில் தம்பியே தேடிக்கொண்டு வந்து காலில் விழுகிறார். திலகவதியார் திருநீறு கொடுக்கிறார். பொழுது புலரும் நேரம், கோயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். துடைப்பத்தையும் மெழுகும் பாத்திரத்தையும் தண்ணீர்க் குடத்தையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

இந்த இடத்தில்தான் நான் நின்றேன். எத்தனையோ வருடம் கழித்துத் தம்பி வந்திருக்கிறான், சாகக் கிடக்கிற நிலையில் வந்திருக்கிறான். அன்றைக்கும் அவர் துடைப்பத்தை மறக்கவில்லை. நோய் தீர்ந்து நாவுக்கரசர் என்ற பெயர் பெற்றபின் அப்பர் கையில் எடுத்தது உழவாரம். புல் செதுக்குகிற கருவி. நீண்ட பிடி, முனையில் தட்டையான இரும்புத் தகடு. சிலைகளில் தோளில் சாத்தி வைத்திருப்பாரே, அதுதான். அவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? சேக்கிழார் அப்படி எழுதவில்லை, இது என் எண்ணம்தான்: அக்கா கையிலிருந்து வந்திருக்கும். பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த ஆண்பிள்ளை ஒருவர், அதிகாலையில் கூட்டுகிற பெண் ஒருவரைப் பார்த்து, தானும் குனிந்திருக்கிறார்.

நாம் டி-சட்டையில் அப்பரைப் போட்டோம். திலகவதியாரைப் போடவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வெளியே இன்னும் கும்மிருட்டு. அம்மா எனக்கு முன்னால் எழுந்து, இடது கையால் விளக்கமாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிடுங்கி வாங்க வேண்டியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, "நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். அது தவறு என்று பத்து நிமிடத்தில் தெரிந்தது. ஏனென்றால் அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மொதல்ல மேல ஒட்டடை அடிடா. கூட்டிட்டு ஒட்டடை அடிப்பாங்களா யாராவது?"

கோயிலில் எங்கள் குழு அப்படித்தான் செய்கிறது, முதலில் தரையைக் கழுவிவிட்டு அப்புறம் மேலே தூசு தட்டுகிறோம் என்று நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

குளிர்பெட்டியை நகர்த்தி அதன் பின்னால் கூட்ட வேண்டும். கதவு மூலையில் முடி சேரும். மாப் தண்ணீரை இரண்டு அறைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கை இங்கிருந்து எடுத்து அங்கே பூசுகிற வேலைதான். சாமி மேடையில் காய்ந்த பூவை எடுத்து, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, திரி மாற்ற வேண்டும். வெள்ளைத் துணியைத் தனியாகப் போட வேண்டும் (நான் போடவில்லை, என் அலுவலகச் சட்டை ஒன்று இப்போது இளஞ்சிவப்பு). பூந்தொட்டித் தட்டில் நிற்கிற தண்ணீரை வாரம் தவறாமல் கொட்ட வேண்டும். ஏடிஸ் கொசு ஒரு கரண்டித் தண்ணீரிலும் முட்டையிடும். பசாருக்குப் போய் கங்கோங் கீரை வாங்கி வந்தால் அதை ஆய வேண்டும், ஆய்ந்ததை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். குளியலறையைப் பற்றி இங்கே எழுதவில்லை.

தங்கச்சி படிக்கிற மேசையில் இருந்தபடியே, பழைய தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் கொண்டுவந்து காட்டினாள். அதுவரை நான் செய்த வேலை முப்பத்தொன்று. அதில் நான் இந்த வீட்டில் இதற்கு முன் செய்திருக்கிறேன் என்று அவளுக்கு ஞாபகம் இருப்பது நாலு. "அந்த நாலும் அப்பா திட்டினதால செஞ்சது" என்று கீழே எழுதியிருந்தாள்.

வகுப்பில் இந்தப் பாடத்தைப் படிக்கிறவர்கள் இதையே செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாள், காலையிலிருந்து இரவு வரை, எந்த வேலையை யார் செய்தார்கள் என்று எழுதி வாருங்கள். பெயரோடு எழுத வேண்டும். "வீட்டில் செய்தார்கள்" என்று எழுதினால் செல்லாது. தலைவர், செயலாளர், பொருளாளர் உட்பட எல்லாரும் கொண்டுவர வேண்டும்.

ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அண்ணே, கோயிலைக் கூட்டுவது தொண்டு, வீட்டைக் கூட்டுவது சாதாரண வேலைதானே? இரண்டும் ஒன்றா?" நல்ல கேள்வி. பெரிய புராணம் பேசுவது கோயில் பணியைத்தான். அதை வளைத்து வீட்டுக்குப் பொருத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்பர் ஊர் ஊராக நடந்தவர். அவருக்குப் பின்னால் சட்டை துவைத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை. நாம் கோயிலுக்குப் போகிற ஞாயிறு காலை, நம் டி-சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தது யார்? நமக்கு முன்னால் எழுந்து பசியாறச் செய்து கொடுத்தது யார்? வீட்டில் ஒருவர் நம் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார், அதனால் மிச்சமாகிற நேரத்தில்தான் நாம் தொண்டு செய்கிறோம். கடன் வாங்கிய பணத்தில் உண்டியல் போடுகிற மாதிரி இது.

கடன் என்றதும் திருவீழிமிழலைக் கதை ஞாபகம் வருகிறது. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மேடைகளில் அதிகம் சொல்லப்படுவதில்லை. நாட்டில் பஞ்சம். அடியார்களுக்குச் சோறு போடுவதற்காக அப்பருக்கும் சம்பந்தருக்கும் சுவாமி தினம் ஒரு பொற்காசு வைக்கிறார். அப்பர் மடத்தில் சாப்பாடு நேரத்துக்கு ஆகிவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று கேட்டால், "அவருக்குக் கிடைக்கிறது நல்ல காசு, கடையில் உடனே சாமான் தருகிறார்கள். நமக்குக் கிடைக்கிற காசுக்கு வாசி கேட்கிறார்கள்" என்கிறார் சமைக்கிறவர். வாசி என்றால் காசை மாற்றும்போது பிடித்துக்கொள்கிற கழிவு. சம்பந்தருக்குக் காரணம் புரிகிறது: அப்பர் பாடுவதோடு கையாலும் வேலை செய்கிறார்.

பால் குடித்து ஞானம் பெற்ற பிள்ளைக்கே வாசி! வாசியில்லாத காசு கேட்டு அவர் பாடிப் பெற்றுக்கொண்டார் என்பது வேறு விஷயம். போட்டிக்குப் பாடி, மேடையில் பேசி, வீட்டில் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்துபோகிற என் காசுக்கு எவ்வளவு வாசி பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான்.

திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடந்தன. அப்பர் அவற்றைப் பரல்கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார். இதைப் பொன்னாசை இல்லாமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் தரை கூட்டிய கையோடு படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. அவர் அந்த நேரத்தில் முற்றத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். கல்லும் குப்பை, பொன்னும் குப்பை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் படம் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று சோபாவில் விழுந்தேன். முடியவில்லை, வெயில் இறங்குவதற்குள் துணி எடுத்து மடிக்க வேண்டும். ஐந்தரைக்கு அம்மா, "மூணு வாரமா இந்தச் செவுத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன். கடல் பக்கம் போவோமா?" என்றார். தங்கச்சி அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள் (அதையும் நான் முயன்றேன், இரண்டு பேரும் சேர்ந்து தடுத்துவிட்டார்கள்). காரில் தஞ்சோங் ஹராப்பான் போனோம்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன், அங்கே மணல் கடற்கரை கிடையாது. பாறாங்கல் அடுக்கிய கரை, அதன் மேல் நடைபாதை, மீன் பிடிப்பவர்கள், சாப்பாட்டுக் கடைகள். ஒரு பக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். எதிரே சதுப்புநிலக் காடு மூடிய தீவுகள். கப்பல்கள் அவ்வளவு அருகில் போகும். அம்மா மெதுவாக நடந்தார். மாவுக்கட்டுக் கையைத் துப்பட்டாவால் தூளி கட்டியிருந்தோம். மற்றக் கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து குனிந்த இடுப்பு எனக்கு வலித்தது. அதைச் சொல்கிற தைரியம் வரவில்லை.

இந்தத் துறைமுகம் 1901-இல் திறக்கப்பட்டது. அப்போது பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். போர்ட் கிள்ளான் என்று மாறியது 1972-இல். திறந்த புதிதில் மலேரியா வந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்துவிட்டார்கள். அப்போது கிள்ளானில் இருந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்புத் தண்ணீரை வடிப்பதுதான் வழி என்று விடாமல் நின்றார். கால்வாய் வெட்டி, காட்டைத் திருத்தி, நீர் தேங்காமல் செய்தபிறகுதான் காய்ச்சல் தணிந்தது. காலையில் பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்தபோது எனக்கு அலுப்பாக இருந்தது. அதே வேலையைச் செய்துதான் இந்த ஊரையே காப்பாற்றியிருக்கிறார்கள்.

எங்கள் பாட்டி 1937-இல், ஐந்து வயதுப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு இங்கே கப்பலை விட்டு இறங்கியவர். சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். அம்மா ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு பாட்டியைப் பற்றிப் பேசினார். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குப் போகணும். அதற்கு முன் எழுந்து லயத்து வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, சோறாக்கி வைத்துவிட்டுத்தான் பால் மரத்துக்குப் போவாராம். "ஆயாக்கொட்டகையில என்னை விட்டுட்டுப் போறப்ப அவங்க கையில வெளக்கமாத்துக் குச்சி வாசனை அடிக்கும்" என்றார் அம்மா. பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில் ஒரு பெண் விடியுமுன் எழுந்து வாசல் கூட்டிய கதையை யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்களா?

அப்பரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். நமச்சிவாயப் பதிகம் பாடினார். கல் மிதந்து திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்த்தது. இன்றைய கடலூர் அது. அங்கே கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. அந்தக் கடல் வங்காள விரிகுடா. என் காலடியில் இருந்தது மலாக்கா நீரிணை. வடக்கே போனால் இரண்டும் ஒரே தண்ணீர்தான். பாட்டி வந்த வழியும் அதுதான்.

அம்மாவுக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பீசாங் கோரேங் வாங்கித் தின்றோம். தங்கச்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறை மேல் இறங்கி, பாடப்புத்தகம் இல்லாத கையை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றாள். சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அம்மா அமைதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன நினைக்கிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்குத் தோசைக்கு உளுந்து ஊறப் போட்டியா?"

"போட்டுட்டேன்மா. மத்தியானமே போட்டுட்டேன்."

"வெந்தயம்?"

நான் கப்பலைப் பார்த்தேன்.

"எழுந்திரு, போவோம்" என்றார் அம்மா. "இப்ப போய்ப் போட்டாலும் அரைக்கிறதுக்குள்ள ஊறிடும்."